பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்! ஓர் அறை போதுமா?

கோடை விடுமுறை வந்தால் பர்கூரில் மாம்பழப் பேச்சு ஒரு பக்கம். "எங்காவது போகலாம்" என்ற பேச்சு இன்னொரு பக்கம்.

பையன் பிளஸ்-டூ பரீட்சை எழுதிவிட்டான். பெண் பத்தாவது முடித்துவிட்டாள். "வொண்டர்லாவுக்குப் போகலாம்" என்கிறார்கள் இருவரும். தகப்பனார் கணக்குப் போடுகிறார். டிக்கெட் எவ்வளவு? வண்டி வாடகை எவ்வளவு? சாப்பாடு எவ்வளவு? எல்லாம் எழுதுகிறார்.

ஒன்றை மட்டும் எழுதுவதில்லை. "ராத்திரி எங்கே தங்குவது?"

"அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்.

இது சரியல்ல. சிறு குழந்தைகளோடு போகும்போது இப்படி விடலாம். மடியில் படுத்துத் தூங்கிவிடும். 16, 17 வயதுப் பிள்ளைகளோடு போகும்போது, தங்கும் இடம்தான் பயணத்தின் பாதி. அது கெட்டால் பகலில் பட்ட சந்தோஷம் எல்லாம் கெட்டுவிடும்.

எவ்வளவு தூரம்?

வொண்டர்லா இருப்பது பெங்களூருக்கு அப்பால், மைசூர் சாலையில், பிடதி என்ற ஊரின் அருகே. அங்கே 2005ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. அதற்கு முன் 2000இல் கொச்சியில் திறந்தார்கள்.

பர்கூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் போக வேண்டும். அங்கிருந்து நகருக்குள் நுழையாமல், நைஸ் சாலையில் சுங்கம் கட்டி மைசூர் சாலையைப் பிடிக்கலாம். ஏறக்குறைய 140 கிலோ மீட்டர். சாலை காலியாக இருந்தால் மூன்று மணி நேரம். நெரிசல் இருந்தால் நாலு மணியும் ஆகும்.

சென்னைப் பக்கம் திருப்போரூர் அருகிலும் 2025 டிசம்பரில் ஒரு வொண்டர்லா வந்துவிட்டது. ஆனால் பர்கூரிலிருந்து சென்னைக்கே ஏறக்குறைய 240 கிலோ மீட்டர். ஆகவே நம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பிடதிதான் கிட்டம்.

மொழியைப் பற்றிப் பயம் வேண்டாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஊர் பர்கூர். பிடதியில் போய் "ரூம் இதெயா?" என்று கேட்க நமக்குத் தெரியும்.

போன அன்றே திரும்பலாமா?

"140 கிலோ மீட்டர்தானே? காலையில் போய் இரவில் வந்துவிடலாம். அறை வாடகை மிச்சம்" என்று சிலர் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காலை 5 மணிக்கு எழுந்தால்தான் 6 மணிக்குப் புறப்படலாம். பூங்காவை முற்பகல் 11 மணி வாக்கில் திறக்கிறார்கள். மாலை 6, 7 மணிக்கு மூடுகிறார்கள். அதுவரை வெயிலிலும் தண்ணீரிலும் ஆட்டம். வெளியே வந்து, துணி மாற்றி, சாப்பிட்டுப் புறப்பட இரவு 8 மணி. பர்கூர் வந்து சேர 12 மணி.

அதாவது, வண்டி ஓட்டுகிறவர் 19 மணி நேரம் கண் விழித்திருக்கிறார். அவரும் பகலில் ராட்டினத்தில் ஏறியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஓசூர் - கிருஷ்ணகிரி சாலை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். இராப் பகலாக லாரிகள் ஓடும் சாலை. சூளகிரிக்கு அப்பால் நள்ளிரவில் ஒரு நிமிஷம் கண் அசந்தால் போதும். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய், வீட்டில் உள்ள நாலு உயிரைப் பணயம் வைக்கலாமா?

ஆகவே ஓர் இரவு தங்குவதுதான் புத்தி. தங்கப் பணம் இல்லை என்றால், பணம் சேரும் வரையில் பயணத்தைத் தள்ளிப் போடுவது இன்னும் புத்தி.

எந்த இரவு?

முதல் நாள் இரவே போய்த் தங்குவதா? ஆடி முடித்த இரவு தங்குவதா?

சிறு பிள்ளைகள் இருந்தால் முதல் நாளே போவது நல்லது. அவர்கள் பயணக் களைப்பில் மறுநாள் சிணுங்குவார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. விடியற்காலை புறப்பட்டு வந்தாலும் துள்ளி ஏறுவார்கள். களைப்பு முடிவில்தான் வரும். ஆகவே ஆடிய இரவு தங்கி, தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் நிதானமாகத் திரும்புங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூட்டை முடிச்சை என்ன செய்வது?

பல ஓட்டல்களில் பகல் 12 அல்லது 2 மணிக்குத்தான் அறை தருவார்கள். மறுநாள் முற்பகல் 11 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். சில லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு. நீங்கள் எப்போது நுழைகிறீர்களோ, மறுநாள் அதே நேரம் வரை உங்களுக்கு உரிமை. நமக்கு இந்த 24 மணிக் கணக்குதான் லாபம். மாலை 7 மணிக்கு நுழைந்தாலும் நஷ்டம் இல்லை.

எந்தக் கணக்கு என்று டெலிபோனில் முன்பே கேளுங்கள். "காலை 9 மணிக்கு வந்து பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போகலாமா?" என்றும் கேளுங்கள். நல்ல விடுதிக்காரர்கள் சரி என்பார்கள். அங்கேயே முகம் கழுவி, பிடதியின் பேர்போன தட்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போகலாம். வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிடுவது பணத்துக்கும் நல்லது; உடம்புக்கும் நல்லது.

பூங்காவுக்குள்ளே விடுதி

பூங்காவை ஒட்டியே வொண்டர்லாக்காரர்களின் விடுதி இருக்கிறது. 2012ஆம் ஆண்டில் திறந்தார்கள். 84 அறைகள். மூடும் நேரம் வரை ஆடிவிட்டு நடந்தே அறைக்குப் போகலாம். வண்டி வேண்டாம். நெரிசல் இல்லை. வசதிதான். ஆனால் வசதிக்கு விலை உண்டு.

பூங்காவின் வாசலில் உள்ள அறைக்கு ஏன் அதிக வாடகை? இதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் நடந்த உண்மைக் கதை.

வால்ட் டிஸ்னி என்ற சினிமாக்காரர் 1955 ஜூலை 17ஆம் தேதி கலிபோர்னியாவில் "டிஸ்னிலாந்து" பூங்காவைத் திறந்தார். கையில் இருந்த பணம் எல்லாம் பூங்காவிலேயே தீர்ந்துவிட்டது. ஓட்டல் கட்டப் பணம் இல்லை. டெலிவிஷன் தொழிலில் இருந்த ஜாக் ராதர் என்ற நண்பரிடம் கேட்டார். அவர் பக்கத்திலேயே ஓட்டல் கட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் திறந்தார். ஓட்டல் நன்றாக நடந்தது. சுற்றிலும் மற்றவர்களும் விடுதிகளைக் கட்டிப் பணம் சம்பாதித்தார்கள். டிஸ்னி பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை அவர் ஏமாறவில்லை. புளோரிடா மாநிலத்தில் ஏறக்குறைய 27,000 ஏக்கர் நிலத்தைச் சத்தம் போடாமல் வாங்கினார். 1966இல் அவர் காலமானார். 1971 அக்டோபர் 1ஆம் தேதி அங்கே பூங்கா திறந்தபோது, கம்பெனியின் சொந்த ஓட்டல்களும் கூடவே திறந்தன.

அவர் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: ராட்டினம் காசு தரும், படுக்கையும் காசு தரும். இன்று உலகம் முழுவதும் பூங்காக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஐதராபாத் ராமோஜி பிலிம் சிட்டிக்குள்ளும் ஓட்டல்கள் இருக்கின்றன.

அவர்கள் வியாபாரம் செய்வதில் தப்பு இல்லை. நாம் யோசித்து வாங்குவதிலும் தப்பு இல்லை. பர்கூர் ஜவுளிக் கடையில் நாலு கடை ஏறி இறங்கித்தானே சேலை எடுக்கிறோம்? அறைக்கும் அப்படியே செய்யுங்கள். அறை வாடகையில் பூங்கா டிக்கெட் சேர்த்தியா, தனியா? காலைச் சாப்பாடு உண்டா? இந்த இரண்டையும் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

வெளியே தங்கினால்

பிடதி ஊரிலும் மைசூர் சாலையிலும் கெங்கேரியிலும் சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன. நடுத்தரக் குடும்பத்துக்கு இவை போதும். பூங்காவிலிருந்து அதிகத் தூரம் போகவேண்டியதில்லை.

மெஜஸ்டிக் பக்கம் விடுதிகள் ஏராளம். பஸ்ஸிலோ ரெயிலிலோ வருகிறவர்களுக்குச் சவுகரியம். பூங்காவுக்கு அங்கிருந்து நகரப் பஸ்ஸும் உண்டு. ஆனால் மாலையில் பெங்களூர் நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஓசூரில் தங்கினால் வீடு கிட்டம். ஆனால் ஆடிக் களைத்த பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும். அதைவிடப் பிடதியிலேயே படுத்துவிடுவது மேல்.

இன்னொரு வழியும் நமக்கு உண்டு. பெங்களூரில் சித்தப்பா வீடு, அத்தை வீடு! பர்கூர்ப் பக்கத்தில் பெங்களூரில் உறவு இல்லாத குடும்பம் குறைவு.

சொந்தக்காரர் வீட்டில் தங்குவது தப்பு அல்ல. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவர்கள் இருப்பது பொம்மனஹள்ளியில் ஒரு படுக்கை அறை வீடு. அவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகள். நீங்கள் நாலு பேர் போய் இறங்கினால், அவர்கள் பையன் சமையல் அறையில் படுக்க வேண்டும். அத்தை விடியற்காலை 4 மணிக்கு எழுந்து எட்டுப் பேருக்குச் சமைக்க வேண்டும். முகம் கோணாமல் செய்வார்கள். அதனாலேயே நாம் யோசிக்க வேண்டும். அறையில் தங்குங்கள். மறுநாள் மாம்பழக் கூடையோடு அத்தை வீட்டுக்குப் போய், மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புங்கள். உறவும் நிலைக்கும்.

ஓர் அறையா, இரண்டா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

நம் வீடுகளில் எல்லாரும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறோம். "அங்கே மட்டும் என்ன தனி அறை?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள்.

வீடு வேறு, லாட்ஜ் அறை வேறு. வீட்டில் கூடம் இருக்கிறது, திண்ணை இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது. லாட்ஜ் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு குளியல் அறை. அவ்வளவுதான். பூங்காவிலிருந்து ஈரத் துணியோடு நாலு பேர் ஒரே சமயத்தில் வந்து நிற்கிறார்கள். யார் முதலில் குளிப்பது? எங்கே துணி மாற்றுவது?

இதில் அதிகம் கஷ்டப்படுவது வயது வந்த பெண்தான். தகப்பனார் எதிரிலும் அண்ணன் எதிரிலும் கூச்சப்பட்டுக்கொண்டு மூலையில் நிற்பாள். வாய் விட்டுச் சொல்லமாட்டாள். மாத நாளாக இருந்தால் அவள் பாடு இன்னும் திண்டாட்டம். அடுத்தபடி கஷ்டப்படுவது தாயார். எல்லாரும் குளித்து, எல்லாரும் படுத்த பிறகுதான் அவருக்கு இடம். அதுவும் தரையில்.

எல்லாருக்கும் சந்தோஷம் என்றுதானே போகிறோம்? வீட்டில் இரண்டு பெண்கள் கஷ்டப்பட்டால் அது யாருடைய சந்தோஷம்?

ஆகவே எங்கள் யோசனை இது. ஒரு பெரிய அறைக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு சிறிய அறைகளை எடுங்கள். ஒன்றில் தாயும் மகளும். இன்னொன்றில் தகப்பனும் மகனும். இரண்டும் ஒரே மாடியில், அடுத்தடுத்து இருக்கட்டும். பிள்ளைகளை மட்டும் ஓர் அறையில் விட்டு, பெரியவர்கள் வேறு மாடியில் தங்குவது வேண்டாம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஊரில் கடை, வேலை என்று ஓடும் தகப்பனார் மகனோடு நின்று பேச நேரம் இல்லை. அன்று இரவு பேசலாம். "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று அதட்டாமல் கேட்கலாம். தாயும் மகளும் பேசவேண்டியது இன்னும் அதிகம்.

பாட்டியும் கூட வந்தால்? தாயும் மகளும் இருக்கும் அறையில் கூடுதல் படுக்கை கேளுங்கள். கீழ்த் தளமாகவோ, லிப்ட் உள்ள விடுதியாகவோ இருக்கட்டும்.

வரியிலும் லாபம்

இரண்டு அறை என்றால் செலவு இரட்டிப்பு ஆகிவிடாதா? ஆகவேண்டியதில்லை.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 8,000 ரூபாய்க்கு ஒரு பெரிய அறை எடுக்கிறீர்கள். வரி 1,440 ரூபாய். அதே 8,000 ரூபாயில், 4,000 வீதம் இரண்டு அறை எடுக்கிறீர்கள். வரி 400 ரூபாய்தான். மிச்சம் 1,040 ரூபாய்!

அவ்வளவு வாடகை கொடுக்க முடியாதவர்கள் இன்னும் குறைந்த அறைகளைப் பார்க்கலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

"பிள்ளை" என்று சொல்லாதீர்கள்

அறை கேட்கும்போது "நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள்" என்று சொல்கிறோம். விடுதிக்காரர் சிறு குழந்தைகள் என்று எண்ணி ஓர் அறையைக் கொடுக்கிறார். நேரில் போனால், மீசை முளைத்த வாலிபன் நிற்கிறான். "இவருக்குத் தனிப் பணம்" என்கிறார். வாசலில் சண்டை.

பல விடுதிகளில் 12 வயதுக்கு மேல் பெரியவர் கணக்குதான். ஆகவே வயதைச் சொல்லியே கேளுங்கள். "18 வயதுப் பையன், 16 வயதுப் பெண்" என்று சொல்லுங்கள். கூடுதல் ஆளுக்கு எவ்வளவு? கூடுதல் படுக்கை கட்டிலா, தரை மெத்தையா? கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவில் வயதுக் கணக்கு இல்லை. உயரக் கணக்கு. வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரியவர் டிக்கெட்தான். மாணவர்களுக்குச் சலுகை உண்டா என்று விசாரியுங்கள். பள்ளி, கல்லூரி அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

டிரைவர் எங்கே படுப்பார்?

வேன் எடுத்துப் போகும் குடும்பங்கள் மறந்துவிடுகிற மனிதர் ஒருவர் உண்டு. அவர்தான் டிரைவர்.

நாம் அறையில் படுக்கிறோம். அவர் வண்டியிலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு, புழுக்கத்தில் கொசுக்கடியில் கிடக்கிறார். காலையில் அவர் கையில்தான் நம் குடும்பம் முழுவதும் இருக்கிறது. அவர் தூங்காவிட்டால் நாம் விடுதி எடுத்ததே வீண்.

"டிரைவர் படுக்க இடம் உண்டா?" என்று விடுதியில் கேளுங்கள். சில இடங்களில் இதற்கென்று பொது அறை வைத்திருக்கிறார்கள். இல்லை என்றால் பக்கத்தில் ஒரு சிறிய அறை எடுத்துக் கொடுங்கள். அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

வாடகை வண்டி கர்நாடகத்துக்குள் போகத் தனி வரி கட்ட வேண்டும். அது பேசிய வாடகையில் சேர்ந்ததா என்று புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அத்திப்பள்ளியில் நின்றுகொண்டு பேசாதீர்கள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு

பஸ்ஸிலும் தாராளமாகப் போகலாம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குப் பஸ் உண்டு. 2025 ஆகஸ்டு 11 முதல் பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோ ரெயிலும் ஓடுகிறது. ஓசூர்ச் சாலையில் பொம்மசந்திராவில் இறங்கி, இரண்டு இடத்தில் ரெயில் மாறினால் கெங்கேரி வரை போய்விடலாம். அங்கிருந்து பிடதிக்குப் பஸ்.

இப்படிப் போகிறவர்கள் மட்டும் முதல் நாள் மாலையே போய்த் தங்குங்கள். பல வண்டி மாறி 11 மணிக்குப் போய்ச் சேர்வது கஷ்டம். ஆடி முடித்த இரவும் தங்க முடிந்தால் நல்லது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்நாடக அரசுப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023 ஜூனில் வந்த திட்டம் அது. கர்நாடக மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும்தான். நாம் டிக்கெட் வாங்க வேண்டும்.

நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் போக நினைக்கும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்டு 1 முதல் இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பக்கச் சாலையில்தான் போக வேண்டும்.

பணம் கட்டும் முன்

செல்போனில் படத்தைப் பார்த்தே அறை பிடிக்கும் காலம் இது. படத்தில் எல்லா அறையும் அழகுதான். ஆகவே சமீபத்தில் தங்கியவர்கள் எழுதியதைப் படியுங்கள். பிறகு விடுதிக்கே டெலிபோன் செய்து பேசுங்கள்.

போலி விளம்பரங்களும் நடமாடுகின்றன. "உடனே முழுப் பணமும் அனுப்பு, இல்லாவிட்டால் அறை போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறவனை நம்பாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

விடுதியில் எல்லாருக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் அட்டையில் முதல் 8 எண்களை மறைத்த நகலை ஆதார் இணையதளத்தில் எடுக்கலாம். அதைக் கொடுத்தால் போதும்.

அறைக்குள் நுழைந்ததும் ஐந்து விஷயங்களைப் பாருங்கள். கதவில் உள் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? குளியல் அறைக் கதவு பூட்டுகிறதா? ஜன்னல் மூடுகிறதா? தண்ணீர் வருகிறதா? தீ விபத்து நேர்ந்தால் இறங்கும் படிக்கட்டு எங்கே? ஒன்று சரியில்லை என்றாலும் அறை மாற்றிக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். காசு கொடுக்கிறோம்.

பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்

இவ்வளவையும் தகப்பனார் ஒருவரே செய்ய வேண்டுமா? வேண்டாம். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.

"அறைக்கு 4,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு காசு இல்லை. இரண்டு அறை வேண்டும். பாட்டி படி ஏறமாட்டார். நல்லதாகப் பார்த்துச் சொல்" என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் அவர்கள் நீச்சல் குளம் உள்ள ஓட்டலைக் காட்டுவார்கள். வாடகையைப் பார்த்துவிட்டுத் தாங்களே இறங்கி வருவார்கள். நாலு விடுதிக்கு டெலிபோன் செய்வார்கள். வரி எவ்வளவு, எத்தனை மணிக்குக் காலி செய்வது என்று கேட்பார்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து பட்டியல் போடுவார்கள்.

இது விளையாட்டு அல்ல. அடுத்த ஆண்டு அந்தப் பையன் கோவைக்கோ சென்னைக்கோ படிக்கப் போவான். கல்லூரி விடுதி தேட வேண்டும். அந்தப் பெண் ஓசூர்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரலாம். தங்கும் இடம் நல்லதா, கெட்டதா என்று அவள் தனியாகவே பார்த்து முடிவு செய்ய வேண்டிவரும். அந்தப் பழக்கம் பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே வரட்டும். பெண்ணையும் டெலிபோனில் பேசவிடுங்கள். "அவளுக்கு என்ன தெரியும்?" என்று பையனிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

அவர்கள் பிடித்த அறையில் மின்விசிறி சத்தம் போட்டால் குத்திக் காட்டாதீர்கள். அடுத்த முறை கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

பூங்காவுக்குள்ளும் இதே முறைதான். வளர்ந்த பிள்ளைகள் பின்னாலேயே அலையாதீர்கள். "மத்தியானம் ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் சந்திப்போம், மாலை ஆறு மணிக்கு வாசலில் சந்திப்போம்" என்று சொல்லி அனுப்புங்கள். தண்ணீரில் ஆடும்போது செல்போன் கையில் இருக்காது. ஆகவே இடமும் நேரமும் முன்பே முடிவாக இருக்கட்டும்.

கடன் வேண்டாம்

கடைசியாக ஒன்று. கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ற பயணமே நல்ல பயணம். வட்டிக்கு வாங்கிப் போகாதீர்கள். நகையை அடகு வைக்காதீர்கள். இரண்டு நாள் சந்தோஷத்துக்கு இரண்டு வருஷம் வட்டி கட்டலாமா?

பணம் போதவில்லையா? பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 17 வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் புரியும். இந்த ஆண்டு ஏலகிரி மலைக்குப் போகலாம். கிருஷ்ணகிரி அணைக்குப் போய் மீன் சாப்பிட்டு வரலாம். வொண்டர்லாவுக்கு ஓர் உண்டியல் வையுங்கள். பிள்ளைகளும் அதில் போடட்டும்.

பிள்ளைகள் நம்மோடு பயணம் வருகிற காலம் கொஞ்சம்தான். படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். இருக்கும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஒரு முறையாவது சேர்ந்து போங்கள். மகளுக்கும் தாயாருக்கும் கதவு பூட்டக்கூடிய ஓர் அறையைக் கொடுங்கள். டிரைவரைத் தூங்கவிடுங்கள். காலையில் தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, வெளிச்சத்தில் ஊர் திரும்புங்கள்.